செத்த யானைக்குச் சொந்தக்காரர்

வெர்லின் ஓல்ட்மனைப் போல ஒரு பேச்சாளர் கிராம்லிங் மாவட்டத்தில் மட்டுமல்ல, அயோவாவில் மட்டுமல்ல, மனிதன் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பூமியில் எங்குமே பிறந்ததில்லை. ஒரே ஒரு செத்த யானையைப் பற்றி அவர் இதுவரை பேசிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். வழியில் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நிறுத்திப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம். அவர் பேசினால் ஆறு நின்று கேட்கும். சோளம் ஒரு விரற்கடை கூடுதலாக வளரும். போன வருஷம் அவர் பேசியபோது கூட்டத்தில் ஒருவர்கூட இருமவில்லை. வந்திருந்தது பதினோரு பேர், அதில் நாலு பேர் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

முப்பத்தொரு வருஷம் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அதற்கு முன்னால் சொந்தமாக நிலம் இருந்தது. எண்பதுகளில் இங்கே பலருக்குப் போனது போல அவருக்கும் போயிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். யானையைப் பற்றித்தான் பேசுவார். காலை ஏழேகால் மணிக்கு, கண்ணில் பீளையோடு ஏறும் குழந்தைகளிடம், பாலம் வரும்போதெல்லாம் பேசுவார்.

நான் அந்தப் பேருந்தில் பத்து வருஷம் போனேன். கடைசி சீட்டு. அவருடைய கையுறைக்குள் தவளை வைத்தது, பேருந்தின் பின்கதவில் மாட்டு மணியைக் கட்டியது எல்லாம் நான்தான். இரண்டு முறை என்னைப் பனியில் இறக்கிவிட்டிருக்கிறார். இரண்டு முறையும் நூறடி தள்ளி வண்டியை நிறுத்தி, நான் நடந்து வரும்வரை காத்திருந்து ஏற்றிக்கொண்டார். பத்தாம் வகுப்போடு பள்ளியும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். இப்போது காலையில் முட்டைப் பண்ணையில் வேலை. வெர்லினுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் யானைக்கு ஓய்வு இல்லை.

யானை இதுதான். 1911, அக்டோபர். ஊருக்கு மேற்கே பாலத்தருகில் சர்க்கஸ் ரயில் தடம் புரண்டது. டச்சஸ் என்ற யானை செத்தது. எட்டு ஜோடிக் குதிரைகளைப் பூட்டி இழுத்துக்கொண்டுபோய் ஐலர்ஸ் பண்ணையில் புதைத்தார்கள். வெர்லினின் அப்பா அப்போது ஆறு வயதுப் பையன். தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். சாகும்வரை மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்: ஐலர்ஸ் பண்ணை, ஐலர்ஸ் பண்ணை.

எங்கள் மாவட்டத்தில் பண்ணைக்குப் பெயர் வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். நீங்கள் குடியிருக்கும் பண்ணைக்கு உங்கள் பெயர் கிடையாது. உங்களுக்கு முன்னால் இருந்தவர் பெயர்தான். நாங்கள் இருப்பது ரிங்கேனா பண்ணை. ரிங்கேனாக்கள் நான் பிறப்பதற்கு முன்பே டெக்சஸ் போய்விட்டார்கள். என் அம்மா பதினெட்டு வருஷமாக அங்கே விளக்கேற்றுகிறாள். தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அது ரிங்கேனா பண்ணைதான். நாங்கள் காலி செய்துகொண்டு போனால்தான் அதற்கு எங்கள் பெயர் வரும்.

இப்போது ஐலர்ஸ் பண்ணை என்றால் எல்லோரும் வடக்குக் குன்றைக் காட்டுவார்கள். கடைசி ஐலர்ஸ் அங்கிருந்து 1958இல் போனார். குன்றின் சரிவில் ஒரு மேடு இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் வெர்லின் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார், பிறகு திரும்புவார்கள்.

மாவட்ட வரலாற்றுக் கழகம் மூன்றாவது ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூடும். பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளம். மாதம் ஒரு சிறப்புப் பேச்சாளர். பிப்ரவரி மட்டும் பத்தொன்பது வருஷமாக வெர்லினுக்கு. பிப்ரவரியில் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் காரணம். வெர்லினுக்கு அது தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருப்பார்.

பேச்சு நன்றாயில்லை என்று இங்கே யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அதற்குத்தான் கேக் இருக்கிறது. கழகத்துப் பெண்கள் பேச்சாளரின் தகுதியைப் பார்த்துக் கேக் கொண்டுவருவார்கள். நல்ல பேச்சாளர் என்றால் எட்டு, ஒன்பது கேக். சுமார் என்றால் நாலு. கடைப் பிஸ்கட் பொட்டலம் மேஜைக்கு வந்துவிட்டால் அவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். வெர்லினின் முதல் வருஷத்தில் ஏழு கேக். போன வருஷம் இரண்டு கேக்கும் ஒரு பிஸ்கட் பொட்டலமும். இரண்டில் ஒன்று அவர் மனைவி ஆர்டிஸ் செய்தது.

பேச்சு முடிந்ததும் கேள்விகளைச் சீட்டில் எழுதி ஊறுகாய் ஜாடியில் போட வேண்டும். என் அத்தை லாவான்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். அவர் எடுத்துப் படிப்பார். மூன்று வருஷமாக வெர்லினின் ஜாடியில் என் சீட்டுகள் உண்டு. ‘யானையின் கடைசி வார்த்தை என்ன?’ என்று எழுதிப் போட்டேன். வெர்லின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “அதுல சாட்சிகளுக்குள்ள ஒத்த கருத்து இல்ல,” என்றார். வேறு யாரும் சீட்டுப் போடுவதில்லை. ஜாடி காலியாக இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அதனால்தான் போட்டேன்.

போன டிசம்பரில் அத்தை அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“வெர்லின், இந்த பிப்ரவரி உங்களுக்கு லீவு.”

“எனக்கு ஒண்ணும் களைப்பா இல்லையே.”

“விஸ்கான்சின்லேர்ந்து ஒரு டாக்டரம்மா வர்றாங்க. கோரின் ஆஸ்குட். சர்க்கஸ் ரயில் பத்தி புத்தகமே எழுதியிருக்காங்க.”

“டாக்டரா? யானை செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, லாவான். இப்ப வந்து என்ன வைத்தியம் பண்ணப் போறாங்க?”

“நம்ம யானையப் பத்தி அவங்ககிட்ட ஒரு கடிதம் இருக்காம்.”

 நம்ம யானை என்று அத்தை சொன்னதே அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதோடு விஷயம் நிற்கவில்லை. ஜூன் மாதம் சாலையோரத்தில் யானைக்கு வெண்கலப் பலகை வைக்க மாவட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் மனு எழுதியது வெர்லின். பலகையில் என்ன எழுதுவது, திறப்பு விழாவில் யார் பேசுவது என்பதை அந்த பிப்ரவரிக் கூட்டத்தின் முடிவில் தீர்மானிப்பதாகக் கழகம் சொல்லிவிட்டது. பத்தொன்பது வருஷப் பிப்ரவரிகளும் அந்த ஒரு ஜூனுக்காகத்தான். அவர் சட்டைகூட வாங்கி வைத்திருந்தார்.

ஜனவரி முழுக்க அவரைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தட்டு வாராவாரம் ஆர்டிஸுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போகும்போதெல்லாம் வெர்லின் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருப்பார்.

“அந்தம்மா படம் உன் போன்ல வருமா?”

காட்டினேன். கோரின் ஏதோ ஒரு ரயில் பெட்டியின் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“பல்லு ஜாஸ்தி,” என்றார் வெர்லின். “புத்தகம் எத்தன பக்கம்?”

“நானூத்தி பன்னெண்டு.”

“அதுல நம்ம யானை எத்தன பக்கம்?”

“ஒண்ணுமே இல்லயாம். இனிமேதான் எழுதப் போறாங்களாம்.”

“அப்ப எதுக்கு வர்றாங்க? யானைய நேர்ல பாத்தாங்களா?”

“நீங்க பாத்தீங்களா வெர்லின்?”

“எங்கப்பா பாத்தாரு.”

ஆர்டிஸ் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே சொன்னார், “பிள்ளைய விடு வெர்லின். அது முட்டை குடுக்க வந்திருக்கு, சாட்சி சொல்ல வரல.”

பிப்ரவரி இரண்டாவது வாரம் போனபோது மேஜையில் மாவு டப்பா, தேங்காய்த் துருவல், மூன்று வட்டக் கேக் தட்டுகள். வெர்லின் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன அடுக்கு?” என்றார்.

“மூணு,” என்றார் ஆர்டிஸ்.

“எனக்கு போன வருஷம்?”

“தட்டையா இருந்தா வண்டில கொண்டு போறது சுலபம்னு நீதானே சொன்ன.”

“நான் சொன்னா? நான் சொன்னத எல்லாம் நீ எப்ப கேட்ட? நாப்பத்தாறு வருஷத்துல அந்த ஒண்ண மட்டும் கேட்டியா?”

“விருந்தாளி வெர்லின். வேற மாநிலத்துலேர்ந்து வர்றவங்களுக்கு ஒத்த அடுக்கு வெச்சா ஊரு என்னப் பத்தி என்ன நெனைக்கும்?”

“என்னப் பத்தி என்ன நெனச்சுதாம்?”

ஆர்டிஸ் முட்டையை உடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வெர்லின் எழுந்து கொட்டகைக்குப் போய், உழுவதற்கு நிலமே இல்லாத மனிதர், டிராக்டரை ஓடவிட்டு அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போகும்போது கொட்டகை வாசலில் நின்று, “வெர்லின், ஜாடில ஏதாவது போடவா? விஸ்கான்சின் யானை எல்லாம் சைஸ் கம்மியாமேன்னு?” என்று கேட்டேன்.

“வேணாம்,” என்றார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் மறுபடி சொன்னார், “கொஞ்சம் கஷ்டமான கேள்வியா இருந்தா பரவாயில்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பனியே பெய்யவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு வெயில் அடித்தது. அதற்கும் வெர்லின் பொறாமைப்பட்டார். “எனக்குன்னா புயலக் கூட்டிட்டு வரும்,” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

கேக் பதினாலு. நானே எண்ணினேன், வெர்லினும் எண்ணினார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். லூத்தரன் தேவாலயத்திலிருந்து மடக்கு நாற்காலிகள் கடன் வாங்க வேண்டியிருந்தது. பத்து வருஷமாக முழங்கால் வலி என்று படி இறங்காதவர்கள் எல்லாம் படி இறங்கி வந்திருந்தார்கள். வெர்லின் கடைசி வரிசையில், கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி வரிசை எனக்குப் பழக்கம்.

கோரின் ஆஸ்குட்டுக்கு நாற்பது வயது இருக்கும். ஆரஞ்சு நிறக் கழுத்துத் துணி. கையில் ஒரு சின்ன பொத்தான். அமுக்கினால் திரையில் படம் மாறியது. வெர்லின் எப்போதும் அட்டையில் ஒட்டிய மூன்று புகைப்படங்களைக் கையால் தூக்கிக் காட்டுவார். இரண்டாவது வரிசைக்கு மேல் தெரியாது.

“முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன்,” என்றார் கோரின். “டச்சஸ நீங்க மறந்திருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். வெர்லின் ஓல்ட்மன்னு ஒருத்தர் இத்தன வருஷம் அத உயிரோட வெச்சிருந்தாரு. அவரு இங்க இருக்காரா?”

எல்லோரும் திரும்பினார்கள். வெர்லின் விரலை மட்டும் தூக்கினார். கைதட்டினார்கள்.

“பார்த்தியா,” என்று என் பக்கம் சாய்ந்து சொன்னார். “என் பேர எங்க ஊருக்கே அந்தம்மா அறிமுகப்படுத்துறாங்க.”

“பாராட்டித்தான சொன்னாங்க.”

“அதான் இன்னும் மோசம்.”

கோரின் நன்றாகப் பேசினார். சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நன்றாகப் பேசினார். யானைக்கு முட்டைக்கோஸ் பிடிக்கும் என்றார். பாகனின் தொப்பியைத் தின்றுவிட்டது என்றார். மக்கள் சிரித்தார்கள். சிரிக்கும் இடத்தில் எல்லாம் வெர்லின் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடிதம் திரையில் வந்தது. அந்தக் காலத்து ரயில் நிலைய அதிகாரி தன் தங்கைக்கு எழுதியது. ‘யானையை ஐலர்ஸ் பண்ணைக்கு இழுத்துப்போய்ப் புதைத்தோம். குதிரைகள் பயந்து சாகின்றன.’

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. வெர்லின் முதல் முறையாகக் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றார் கோரின். பொத்தானை அமுக்கினார். ஒரு நிலப் பத்திரம். “வடக்குக் குன்றுல இருக்கற பண்ணைய ஐலர்ஸ் குடும்பம் வாங்கினது 1911 மார்ச். யானை செத்தது அக்டோபர். அப்ப அவங்க அங்கதான் இருந்தாங்க. கடிதம் சொல்றது அந்த இடத்தத்தான். வெர்லின் சொன்னது சரி. இப்ப நம்மகிட்ட ஆதாரமே இருக்கு.”

நாற்காலிகள் நகர, எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

வெர்லின் எழவில்லை. “பத்தொம்பது வருஷம்,” என்றார். “அதே குன்று, அதே யானை. நான் சொன்னப்ப ஒருத்தன் விசிலடிச்சானா?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் வாங்கினார்கள். அக்டோபரில் யானை. ஏழு மாதம். ஏழு மாதத்தில் இந்த மாவட்டத்தில் ஒரு பண்ணைக்குக் குடியிருப்பவர் பெயர் வருமா? எங்களுக்குப் பதினெட்டு வருஷமாக வரவில்லை. ஐலர்ஸ்கள் அதற்கு முன்னால் தெற்கே ஆற்று வளைவில் இருந்தவர்கள். அப்படியென்றால் 1911 அக்டோபரில் ஊரார் வாயில் ஐலர்ஸ் பண்ணை என்பது அவர்கள் விட்டுவிட்டு வந்த ஆற்று வளைவுதான். குன்று அப்போது வேறு யாருடைய பெயரிலோ இருந்திருக்கும். ஆற்று வளைவு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் அதெல்லாம் காற்றிலேயே வரும்.

விஸ்கான்சின்காரருக்கு இது தெரிய வழியில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பதினாலு கேக் இருந்தது.

என் கை எப்போதும் மூளையைவிட வேகம். கஷ்டமான கேள்வி வேண்டும் என்றார் அல்லவா? சீட்டை எடுத்து எழுதினேன்: ‘டாக்டர், ஏழு மாதத்தில் இங்கே எந்தப் பண்ணைக்கும் பெயர் மாறாது. அன்றைக்கு ஐலர்ஸ் பண்ணை என்றால் அவர்கள் விட்டு வந்த ஆற்று வளைவு. நீங்கள் தப்பான பண்ணையில் நிற்கிறீர்கள். இப்படிக்கு, டச்சஸ்.’ மடித்து ஜாடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஆரஞ்சுத் துணிக்காரர் முகம் எப்படி மாறும் என்று நினைத்து எனக்கு வாயெல்லாம் சிரிப்பு.

அப்போது ஆர்டிஸ், வெர்லின் தோளில் கை வைத்துச் சொல்வது கேட்டது: “எப்படியோ, உன் குன்று உண்மையாயிருச்சுல்ல. வெண்கலத்துல வரப் போவுது.”

தப்பான பண்ணையில் நிற்பது அந்த அம்மா மட்டுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பத்தொன்பது மே மாதம் நின்றவர் இன்னொருவர் இருக்கிறார்.

கேக் நேரம். ஜாடி லாவான் அத்தையின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

“அத்தை, வெளிய யாரோ கார் விளக்க அணைக்காம வந்திருக்காங்க.”

“யாரு காரு?”

“சாம்பல் நிறம்.”

இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சாம்பல் நிறக் கார். பதினைந்து ஆண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார்கள். அத்தையும் போனார், அவர் காரும் சாம்பல் நிறம்தான். நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சமையலறைக்குப் போய், மேடையில் கவிழ்த்தேன். இருபத்திரண்டு சீட்டு. என்னுடையது இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை.

“இதத் தேடுறியா?”

வெர்லின் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் என் சீட்டு.

“கரண்டி தேடுறேன்,” என்றேன்.

“ஊறுகா ஜாடிலயா?”

“நீங்க எதுக்கு ஜாடில கை விட்டீங்க?”

“அந்தம்மாவுக்கு எத்தன சீட்டு விழுந்திருக்குன்னு எண்ணிப் பாத்தேன்,” என்றார் கொஞ்சமும் வெட்கமில்லாமல். “எனக்கு வருஷத்துக்கு மூணுதான விழும்.” சீட்டை விரித்தார். “யாரு எழுதினது?”

“தெரியாது. டச்சஸ்னு போட்டிருக்கே.”

“யானைக்குக் கையெழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்கு.”

“கிழிச்சுப் போட்டுருங்க வெர்லின். யாருக்கும் தெரியப் போறதில்ல. பலகைல உங்க குன்றுதான் வரும்.”

“பலகைல குன்று வரும். ஆதாரம் காட்டினது யாருன்னு வரும்?”

“அவங்க பேரு.”

“இதப் படிச்சா?”

“அவங்க காலி. நீங்களும் காலி.”

அவர் யோசித்தார். ஓட்டுநருக்கே உரிய யோசனை. முன்னால் சாலையில் பனி உறைந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது போல.

“அந்தம்மா காலியானா கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும்,” என்றார். பிறகு, “அந்தத் தேதி திரையில வந்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு பிள்ள. ஐலர்ஸ் ஆத்து வளைவுல இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். குன்றுக்கு எப்ப ஏறுனாங்கங்கறதுதான் தெரியாது. யாரும் எந்திரிச்சுக் கேக்கலயேன்னு உக்காந்திருந்தேன். கேக்கலைன்னா தப்பிச்சேன்னும் நெனச்சேன்.”

“இன்னும் தப்பிக்கலாம்.”

“எங்கப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு. காதுல வாங்கினவன்தான் தப்பா வாங்கியிருக்கான்.”

அவர் போய்விட்டார். நான் சீட்டுகளை ஜாடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கார் விளக்கு எதுவும் எரியவில்லை என்று திட்டிக்கொண்டே எல்லோரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அத்தை ஜாடிக்குக் கை நீட்டும் முன் வெர்லின் முன்னால் போய் நின்றார். கோட்டோடு. சீட்டைப் படித்தார், ‘இப்படிக்கு, டச்சஸ்’ வரைக்கும். பிறகு மடித்துக்கொண்டு சொன்னார்:

“பத்தொம்பது வருஷமா உங்கள எல்லாம் ஒரு மண்ணு மேட்டுக்கு முன்னால நிக்க வெச்சிருக்கேன். அது யானை இல்ல. மன்னிச்சிருங்க.”

பின்னால் யாரோ, “ஒரு வருஷம் எனக்கு அங்க கண்ணீரே வந்துச்சு வெர்லின்,” என்றார்கள்.

“எனக்கும்தான் வந்துச்சு,” என்றார் வெர்லின்.

நான் கோரினைப் பார்த்தேன். முகம் மாறும் என்று நினைத்தேனே, மாறியது. ஆனால் வேறு மாதிரி. பொத்தானைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி வெர்லினை நோக்கி வந்தார்.

“குடியிருக்கறவங்க பேரு பண்ணைக்கு வராதா? இது எனக்குத் தெரியவே தெரியாதே. ஆத்து வளைவு எங்க இருக்கு? காட்டுவீங்களா?”

“பஸ்ஸு அந்தப் பக்கம் போறதில்ல,” என்றார் வெர்லின். அவருக்கு இப்போது பேருந்தே கிடையாது.

அத்தைதான் நடுவில் வந்தார். “அப்ப பலகை? ஜூன்ல யாரு பேசுறது?”

“குன்றுல பலகை வேணாம். இதக் கண்டுபிடிச்சது யாரோ, அவங்கதான் பேசணும்,” என்றார் கோரின். “அந்தச் சீட்டு எழுதினவங்க.”

அறை முழுக்க வெர்லினைப் பார்த்தது. அவர் கையில்தான் சீட்டு இருந்தது. ஐலர்ஸ்களைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. ஆர்டிஸ் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தார். வெர்லின் தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். ஆட்டுங்கள், ஆட்டுங்கள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். வெளியே வாயில் கேக்கை அடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

வெர்லின் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்து எழுத்தாகப் படிப்பது போலப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜனவரியில் என் போனில் கோரின் படத்தைப் பார்த்தாரே, அதே பார்வை.

“நான் எழுதல,” என்றார். “அதோ, கேக்க முழுங்க முடியாம நிக்கிதே, மார்னி, அது எழுதிச்சு.”

“நான் இல்ல,” என்றேன். தேங்காய்த் துருவல் தெறித்தது. “எனக்கு வரலாறே பிடிக்காது. அத்தை, சொல்லுங்க, ரெண்டு தடவ பெயிலானேன்ல?”

“ஆமா, பெயிலானா,” என்றார் அத்தை.

“டாக்டர் காட்டினது குன்றோட பத்திரம் மட்டும்தான்,” என்றார் வெர்லின். “ஐலர்ஸ் ஆத்து வளைவுல இருந்தத அவங்க சொல்லல. நானும் இந்த மேடைல ஒரு நாளும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ சொல்லியிருக்கேன். வெள்ளத்துல ஆத்து ரோட்டுல பஸ்ஸு நின்னுபோன அன்னிக்கு. அன்னிக்கு பஸ்ஸுல இருந்தது நாலு புள்ளைங்க. மூணு தூங்கிருச்சு.”

“நானும் ஒண்ணும் கேக்கல. காதுல பாட்டு ஓடிட்டு இருந்துச்சு.”

“காதுல ஒயரு இருந்துச்சு,” என்றார் வெர்லின். “அதோட மறு முனை எதுலயும் சொருகாம உன் மடியில தொங்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு மட்டுமில்ல, பத்து வருஷமும். பஸ்ஸுல என் தலைக்கு மேல அவ்ளோ பெரிய கண்ணாடி எதுக்கு மாட்டி வெச்சிருந்தாங்கன்னு நெனச்ச?”